முழுசாக ஒரு பாட்டு

என் அக்கா மாதங்கியைத் தில்லித் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனால் அவள் வாசித்த ஒரு பாட்டை முழுசாகக் கேட்டவர் ஒருத்தர்கூடக் கிடையாது. இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும், அந்த எரிச்சலோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மயூர் விஹாரில் ஒரு கூட்டுறவு அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். மத்திய அரசில் ஏதோ ஒரு அமைச்சகத்தில் பிரிவு அதிகாரி. கணவர் வெங்கடேஸ்வரன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறார், எனக்கு அத்திம்பேர். நான் ஜ்யோத்ஸ்னா, அவள் தங்கை, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்வாசி. எங்கள் அப்பா எங்கள் இருவருக்கும் சின்ன வயதிலேயே வீணை சொல்லிவைத்தார். எனக்கு வரவில்லை, தப்பித்தேன். அவளுக்கு வந்தது. அங்கே பிடித்தது சனி.

அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரு தமிழ் மன்றம் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் செயற்குழுவைக் கூட்டி எனக்கு எதிராகத் தீர்மானம் போடுவார்கள், அதற்கும் ஒரு சீஃப் கெஸ்டை அழைப்பார்கள். தில்லியில் விழா என்றால் சீஃப் கெஸ்ட் வேண்டும். சீஃப் கெஸ்ட் என்றால் தாமதமாக வரவேண்டும். அவர் வரும்வரை ஜனங்களை நாற்காலியில் உட்கார்த்திவைக்க ஒருத்தர் வேண்டும். அந்த ஒருத்தர் என் அக்கா.

மன்றத்தின் செயலாளர் வைத்தி மாமா போன் செய்வார். "மாதங்கி, வீணையை எடுத்துண்டு ஜல்தி வாம்மா. ஒரு பத்து நிமிஷம் வாசி போறும். சீஃப் கெஸ்ட் ஐ.டி.ஓ. ஜாம்ல மாட்டிண்டுட்டார்." இவளும் போவாள். ஸ்ருதி சேர்த்து, கண்ணை மூடி, ராகத்தைத் தொட்டு, கீர்த்தனையை எடுத்து, சரணத்துக்குப் போகிற சமயத்தில் வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். உடனே வைத்தி மாமா மேடை ஓரத்தில் வந்து நிற்பார். உள்ளங்கையைக் கவிழ்த்து, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதைப் போல இரண்டு தட்டு தட்டுவார். நிறுத்து என்று அர்த்தம். அவள் நிறுத்திவிடுவாள். நடுச் சரணத்தில், தாளத்தின் பாதியில், கை எங்கே இருந்ததோ அங்கே.

கச்சேரியை மங்களம் வாசிக்காமல் முடிக்கக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது என்று சாஸ்திரம் பேசுகிறவர்களும் இதே ஆட்கள்தான். ராகு காலம் பார்க்காமல் மைக் செட்காரனைக்கூடக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் இவளுக்கு மட்டும் மங்களம் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்தது, தலை நரைக்கிறவரை இப்படியே நடந்தது. பொங்கல், சித்திரை, நவராத்திரி எல்லாவற்றிலும் இவள் வாசித்தாள், எதிலும் முடித்ததில்லை.

"நீ ஏன் போறே? ஒரு தடவை முடியாதுன்னு சொல்லேன்" என்று நான் கத்துவேன்.

"வீணைன்னா என்னன்னே தெரியாத குழந்தைகள்லாம் உக்காந்துண்டு இருக்குடீ. ரெண்டு ஸ்வரமாவது காதுல விழட்டும்" என்பாள். பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை அலம்புகிற வேகத்தில் தெரியும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நடந்த ஆண்டு விழாவில் வைத்தி மாமா தேனாகப் பேசினார். இந்த முறை தனிக் கச்சேரி, முக்கால் மணி நேரம், அழைப்பிதழில் பெயர், போட்டோகூட. அக்கா இரண்டு மாதம் ஆபீஸிலிருந்து வந்த களைப்போடு தினமும் உட்கார்ந்து சாதகம் பண்ணினாள். விழா நாளன்று ராகம் முடிந்து தானம் வாசித்துக்கொண்டிருந்தாள். நான் முன் வரிசையில் இருந்தேன். அவ்வளவு நன்றாக அவள் வாசித்து நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பார்த்து, உலக அதிசயமாக, சீஃப் கெஸ்ட் சீக்கிரம் வந்து தொலைத்தார். கை கவிழ்ந்தது. இரண்டு தட்டு.

இறங்கி வந்தவளிடம் வைத்தி மாமா சிரித்துக்கொண்டே, "மீதியை அடுத்த வருஷம் வாசிச்சுடலாம்மா" என்றார்.

மீதியாம். ராத்திரி மீந்த ரசமா அது, அடுத்த வேளைக்குச் சுட வைப்பதற்கு? அக்கா வீணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுக்குப் போனதும் வீணையைப் பெட்டியில் வைத்து, பெட்டியை லாஃப்டில் ஏற்றி, அதன் முன்னால் பழைய சூட்கேஸ்களை அடுக்கிவிட்டாள். அதன் பிறகு மாதக்கணக்கில் எதையும் வாசிக்கவில்லை.

ஏப்ரலில் வெயில் ஏறத் தொடங்கியதும் ஹாலுக்கு ஒரு கூலர் வேண்டும் என்று அத்திம்பேர் சொன்னார். அவர்கள் அடுக்ககத்தின் முதல் மாடியில் குடியிருந்தவர் வேலை மாற்றலாகிப் புனேக்குப் போவதால் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். கூலரைப் பார்க்கப் போன அக்கா, ஒரு பேஸ் கிடாரும் சின்ன ஆம்ப்ளிஃபையரும் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். கூலரை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். ஜூன் முடிகிறவரை அத்திம்பேர் பனியனோடு ஹாலில் நடந்து, "கிடார்லேர்ந்து காத்து வருமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நானும்தான் கேட்டேன். ஐம்பதை நெருங்குகிற பெண்மணிக்கு எதற்கு இந்த வேலை?

"சும்மா ஒரு தந்தியைத் தட்டினேன். அந்த தடியா இருக்கே, அது. நாதம் போயிண்டே இருந்தது, ஜ்யோ. யாரும் நிறுத்தலை" என்றாள்.

அவள் வாசிக்கத் தேர்ந்தெடுத்தது ஆம்பியன்ட் என்கிற ரகம். மெதுவாக நகரும், சொல் கிடையாது, நாலைந்து ஸ்வரங்களே திரும்பத் திரும்ப வரும். ஊதுவத்திப் புகை மாதிரி அறையில் இருந்துகொண்டிருக்கும். கவனித்தாலும் சரி, கவனிக்காவிட்டாலும் சரி. இதை அவள் விளக்கியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தனை வருஷம் யாரும் கேக்காம வாசிச்சது போறாதா? கேக்காம இருக்கறதுக்குன்னே ஒரு சங்கீதமா?"

"கேக்கறதும் கேக்காததும் அவா பாடு. இதை நடுவுல வெட்ட முடியாது. பல்லவி, சரணம்னு ஒண்ணும் இல்லை, எங்கே வெட்டறது? ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் போகணும். எனக்கு ஒண்ணே ஒண்ணை முழுசா வாசிக்கணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். வேறு எதுவும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டாம் என்றாள். இன்டர்நெட்டில் டேப்லேச்சர் என்று ஒன்று கிடைக்கிறது. டேப் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். நாலு தந்திக்கு நாலு கோடு. கோட்டின் மேல் எண் இருக்கும். மூன்று என்றால் அந்தத் தந்தியில் மூன்றாவது மெட்டை அழுத்த வேண்டும், சைபர் என்றால் சும்மா மீட்ட வேண்டும். யாரோ முகம் தெரியாத புண்ணியவான் எழுதிப் போட்டிருந்த எட்டு நிமிஷப் பாட்டு ஒன்றை அக்கா ஆபீஸ் பிரின்டரில் அச்செடுத்து வந்தாள். ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் நீட்ட வேண்டும் என்று அதில் போட்டிருக்கவில்லை. முதலில் அதற்காகத் திட்டினாள். ஒரு வாரம் கழித்து, "நிறுத்தறது என் இஷ்டம்னு விட்டிருக்கான், மரியாதை தெரிஞ்சவன்" என்று அதே ஆளைப் புகழ்ந்தாள்.

கோடையில் தொடங்கி மழைக்காலம் பாதி தாண்டுகிறவரை வாசித்தாள். நான் போகும்போதெல்லாம் கேட்பேன். சில இடம் கேட்க நன்றாக இருக்கும். சில இடத்தில் பல்லில் கல் கடிபட்டதைப் போல இருக்கும். சொன்னால், "வெஸ்டர்ன்னா அப்படித்தான் இருக்கும், உனக்குப் பழக்கம் போறாது" என்பாள்.

ஒரு நாள் ஆபீஸ் போகிற வழியில், மெட்ரோவில் நின்றுகொண்டே, அதே பாட்டின் ஒலிப்பதிவை முதன்முதலாகப் போனில் தேடிக் கேட்டிருக்கிறாள். அதுவரை கேட்கவே இல்லை. ஸ்வரம் எழுதித் தாளில் இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. யமுனா பேங்க் ஸ்டேஷனில் இறங்கினாள், எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்தாள், வீட்டுக்குத் திரும்பினாள், லீவு சொன்னாள். பிறகு எனக்குப் போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டு யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அத்தனை மாதம் அவள் வாசித்ததில் பாதி ஸ்வரம் தப்பு. நடந்தது இதுதான். பேஸ் கிடாருக்கு நாலு தந்தி. வீணையிலும் வாசிக்கிற தந்தி நாலு. நாலையும் பார்த்ததும் அக்காவின் கை தானாக வீணைக்கு வைப்பதைப் போல ஸ, ப, ஸ, ப என்று ஸ்ருதி சேர்த்துவிட்டது. மெல்லிய இரண்டு தந்திகளும் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டன. தடித்த இரண்டும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு மெட்டு இறங்கிக் கிடந்தன. கிடாரோடு ஸ்ருதி காட்டுகிற ஒரு சின்ன மெஷினும் வந்திருந்தது. அது தப்பு தப்பு என்று சிவப்பு விளக்கு காட்டியதாம். "மெஷினுக்கு என்ன ஸ்ருதி ஞானம்" என்று அதைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டாள். கர்நாடக சங்கீதக்காரி இல்லாத வேறு யாராவது இந்தக் காரியத்தைச் செய்வார்களா? சத்தியமாகச் செய்ய மாட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் மெஷின் சொன்னதைக் கேட்டிருப்பார்கள்.

"எல்லாம் அந்த வீணையால வந்தது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "அதை மேலே ஏத்தி சூட்கேஸ் அடுக்கியாச்சு. விரலுக்குள்ள உக்காந்துண்டு போக மாட்டேங்கறது."

வீணை அவளை இன்னொரு விதத்திலும் விடவில்லை. தந்தியைத் தொட்டால் அவள் விரல் இழுக்கும், அசைக்கும், கமகம் கொடுக்கும். இந்தப் பாட்டிலோ ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும். தந்திகளைச் சரியாக ஏற்றிவிட்டு முதல் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கினாள். அசையாமல் அழுத்த மட்டும் ஒரு மாதம் ஆயிற்று. அத்திம்பேர் அடுத்த அறையில் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார், இவள் ஆம்ப்ளிஃபையரின் சத்தத்தைக் கூட்டுவாள். கீழ் வீட்டுக்காரி வந்து, "பாபிஜி, எங்கள் வீட்டு ஜன்னல் நடுங்குகிறது" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். அக்கா ஜன்னலைச் சாத்தச் சொன்னாள்.

தீபாவளிப் புகையெல்லாம் அடங்கிக் குளிர் இறங்கியபோது அவளுக்குப் பாட்டு வந்துவிட்டது. ஒரு ஞாயிறு மதியம் எனக்கு வாசித்துக் காட்டினாள். பாதியில் குக்கர் விசில் அடித்தது, கூரியர்காரன் வந்து மணி அடித்தான், கடைசியில் அவள் ஆபீஸ் போனும் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்து, மறுபடி தொடங்க மனமில்லாமல் கிடாரைக் கீழே வைத்தாள். தனியாக இருக்கும்போது முடித்திருக்கிறாள், எனக்குத் தெரியும். ஆனால் எதிரில் ஆள் உட்கார்ந்து கேட்க, முழுசாக, ஒரு தடவைகூட இல்லை.

ஜனவரியில் மன்றத்தின் பொங்கல் விழா. சென்னையிலிருந்து வரவேண்டிய பாட்டுக் கோஷ்டியின் விமானம் மூடுபனியில் இறங்க முடியாமல் ஜெய்ப்பூருக்குப் போய்விட்டது. மத்தியானம் அக்காவுக்குப் போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாதங்கி, நீதாம்மா கை கொடுக்கணும். வீணையை எடுத்துண்டு வா. சீஃப் கெஸ்ட் ஆறரைக்குத்தான் வருவார்."

"வீணை வாசிக்கறதில்லை, மாமா. கிடார் வாசிக்கறேன். எட்டு நிமிஷம். ஆனா முழுசா வாசிப்பேன், நடுவுல நிறுத்த மாட்டேன். சம்மதம்னா வரேன்."

"அச்சா, அச்சா, எதையாவது கொண்டு வா."

"மாமா, முழுசா."

"முழுசா வாசி, யார் வேண்டாம்னா? நான் ப்ராமிஸ் பண்றேன்."

இப்படி ஒரு வாக்குறுதியை வாங்கிக்கொண்டுதான் அவள் போனாள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிறகு வைத்தி மாமா தனக்கு ஒன்றுமே தெரியாது என்று ஊரெல்லாம் சொன்னார்.

கூடம் நிறைந்திருந்தது. ஸ்வெட்டரும் சால்வையுமாக ஜனங்கள் இருந்தார்கள். பட்டுப் புடவையில் கிடாரை மாட்டிக்கொண்டு அக்கா நாற்காலியில் உட்கார்ந்ததும் பின் வரிசைப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அவள் முதல் ஸ்வரத்தை மீட்டினாள். அது தரை வழியாக வந்து என் காலில் ஏறியது. இரண்டாவது வர நேரம் எடுத்துக்கொண்டது. பேச்சு குறைந்தது. கவனித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரும் சத்தம் போடவில்லை. நாலைந்து நிமிஷம் அப்படியே போயிற்று. கமகத்துக்காக அவள் விரல் ஒரு இடத்தில்கூட அசையவில்லை.

அப்போது கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வைத்தி மாமா சீஃப் கெஸ்டை அழைத்து வந்து, செருப்பைக் கழற்ற வைத்து, குத்துவிளக்கின் முன்னால் நிறுத்தி, கையில் எரிகிற மெழுகுவர்த்தியைக் கொடுத்தார். பிறகு மேடை ஓரத்துக்கு வந்தார். கை கவிழ்ந்தது. இரண்டு தட்டு. அக்கா பார்த்தாள். நன்றாக, நேராக அவர் கண்ணைப் பார்த்தாள். அடுத்த ஸ்வரத்தை மீட்டினாள்.

மறுபடி தட்டினார். அவள் வாசித்தாள். மாமா முகம் சிவந்து சுவர்ப்பக்கம் போனார். குனிந்து, ஆம்ப்ளிஃபையரின் ப்ளக்கைப் பிடுங்கினார்.

சத்தம் செத்துப்போயிற்று. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது, எழுந்துவிட்டேன். மாமா மைக்கைப் பிடித்து, "நன்றி, மாதங்கி. எல்லாரும் பலமா கை தட்டுங்கோ" என்றார். ஜனங்கள் தட்டினார்கள். ஆனால் அக்கா எழுந்திருக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்தாள். மின்சாரம் இல்லாத பேஸ் கிடாரில் என்ன கேட்கும்? தந்தி அதிர்கிற ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான், அதுவும் கூடம் அமைதியாக இருந்தால்.

கைதட்டல் தயங்கித் தயங்கி நின்றது. எனக்குப் பின்னால் ஒருத்தர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். என் பக்கத்து நாற்காலியில் இருந்த அத்திம்பேர் திரும்பி அவர் கையைப் பிடித்தார்.

"சும்மா இருங்கோ சார். இன்னும் முடியலை" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ மாதம் கேட்டவர். பாட்டு எங்கே போகிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று அந்தக் கூடத்தில் அவளுக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் தெரியும்.

கூடம் அடங்கிவிட்டது. என்ன நடக்கிறது என்று புரியாமலேயே அடங்கிவிட்டது. சீஃப் கெஸ்ட் மெழுகுவர்த்தியோடு நின்றார். மெழுகு உருகி விரலில் சொட்ட, கையை மாற்றிக்கொண்டார். வைத்தி மாமா மைக்கின் முன்னால் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அக்காவின் விரல்கள் அந்த மெட்டிலிருந்து இந்த மெட்டுக்குப் போயின. முன் வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. பாதி காதால், பாதி அவள் கையைப் பார்த்து. பின் வரிசைகளில் ஒன்றும் கேட்டிருக்காது. இத்தனை வருஷத்தில் அவர்கள் அவளை அவ்வளவு கவனமாகக் கேட்டதும் இல்லை.

கடைசி ஸ்வரத்தை மீட்டினாள். ஆம்ப்ளிஃபையர் இருந்திருந்தால் அது எவ்வளவு நேரம் நின்றிருக்குமோ, அவ்வளவு நேரம் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எடுத்தாள். எழுந்து, ஒயரைச் சுருட்டினாள்.

"முடிஞ்சுது மாமா. இனிமே நீங்க ஆரம்பிக்கலாம்" என்றாள்.

"மன்றத்தோட மானத்தை வாங்கிட்டியேம்மா" என்றார் மைக்கை மூடிக்கொண்டு.

நான் மேடைக்குப் போய் அவளோடு நின்றேன். சாமான்களை எடுத்துக்கொண்டு நாங்கள் வாசலுக்கு வருவதற்குள் விளக்கேற்றிவிட்டு சீஃப் கெஸ்ட் பேசத் தொடங்கியிருந்தார். யாரோ மத்தியானமே எழுதிக்கொடுத்த தாள் கையில் இருந்தது. "இப்போது இங்கே நடந்த வீணைக் கச்சேரி மிகவும் மதுரமாக இருந்தது" என்று இந்தியில் வாசித்தார். ஜனங்கள் அதற்கும் கை தட்டினார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் காலணியைக்கூட மாட்டாமல் திரும்பி உள்ளே நடந்தேன். அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும், அவரையும் வைத்தி மாமாவையும் நாலு வார்த்தை கேட்க வேண்டும். அக்கா என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. எனக்கு நினைவு தெரிந்து அப்படி ஒரு முகத்தோடு அவள் எந்த விழாவிலிருந்தும் வெளியே வந்ததில்லை.

"விடுடீ. நான் வாசிச்சு முடிச்சாச்சு" என்றாள். "இந்த ஆம்ப்ளிஃபையரை ஒரு கை பிடி. கனக்கறது."